கார்பாத்திய மலைக்கு டீசல் ரயிலும் மார்ஷ்ருட்காவும்: ரயிலுக்கு நாலு நட்சத்திரம், வேனுக்கு இரண்டரை

மேற்கு உக்ரைனில் உள்ள இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 2019 ஜூலையில், வகுப்புத் தோழி ஒருத்தி தன் பாட்டி ஊருக்குக் கூப்பிட்டாள். வெர்ஹோவினாவுக்கு அந்தப் பக்கம், கருப்புச் செரெமோஷ் ஆற்றோரம் ஒரு கிராமம். அவள், அவள் தம்பி, நான் என மூன்று பேர். கார் யாரிடமும் இல்லை.

முதலில் ரயில். உக்ரைனில் உள்ளூர் ரயில் என்றாலே 'எலெக்ட்ரிச்கா' (மின்ரயில்) என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ராஹிவ் என்ற மலை ஊருக்குப் போகும் இந்தப் பாதையில் மின்கம்பியே கிடையாது. அதனால் தம்பி ரயிலின் பெயரை மாற்றிவிட்டான்: "எலெக்ட்ரிச்கா இல்லை, டீசல்." இருக்கை கொஞ்சம் கெட்டி, வேகம் ரொம்பவே குறைவு. அதுதான் நல்லது. நட்விர்னா, தெலியாதின் தாண்டியதும் புரூத் ஆறு கூடவே வர ஆரம்பிக்கிறது. யாரெம்சேயில் முதுகுப்பைக் கூட்டம் இறங்கிவிட, மிச்சமிருந்தது வெறும் வாளிகளோடு நாலைந்து பாபுஸ்யாக்கள், அதாவது பாட்டிகள். காலையிலேயே காட்டுப்பழம் விற்று முடித்துத் திரும்புகிறார்களாம். நகரத்தில் 'சோர்னித்சி' என்று நான் கற்ற அந்தக் கருநீலப் பழத்துக்கு மலையில் பெயர் 'அஃபினி'. ஒரு பாட்டி வாளியின் அடியில் கிடந்ததை வழித்து என் கையில் கொட்டினார். சாயங்காலம் வரை விரல் ஊதாதான்.

வோரோஹ்தாவில் இறங்கினால் ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியில் கட்டிய கல்வளைவுப் பாலம் நிற்கிறது. படம் எடுக்க பத்து நிமிடம் கேட்டேன். "பஸ் போயிடும்" என்று தோழி இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இனி மார்ஷ்ருட்கா, அதாவது ஊர்களுக்கிடையே ஓடும் பயணிகள் வேன். முன்கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை, அதற்கு மேலே மாதாவின் படம், குஞ்சம் வைத்த திரைச்சீலை. பேருந்து நிலையத்தில் ஏறினால் ஜன்னலில் டிக்கெட் வாங்கலாம். வழியில் ஏறினால் காசு நேராக ஓட்டுநருக்கு. நாங்கள் பின்வாசல் பக்கம் நெருக்கியடித்து நின்றோம். ஓட்டுநர் எங்கேயோ முன்னால். தோழி என் நூறு ஹிரிவ்னியா (உக்ரைன் பணம்) நோட்டை வாங்கி, முன்னால் நின்றவர் தோளைத் தட்டி, "பெரெதாய்தே, புத் லாஸ்கா" என்றாள். கொஞ்சம் அங்கே கொடுத்து அனுப்புங்கள், அவ்வளவுதான். நோட்டில் இருந்த கவிஞர் ஷெவ்சென்கோ ஏழு கை மாறிப் போனார். வளைவில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தபோது சில்லறை திரும்பி வந்துகொண்டிருந்தது. நடுவில் 20 ஹிரிவ்னியா ஒன்று கீழே விழ, முட்டைத் தட்டை மடியில் வைத்திருந்த ஒருவர் செருப்பால் மிதித்துப் பிடித்துக் கொடுத்தார். அதில் இருப்பவர் எழுத்தாளர் இவான் ஃபிராங்கோ. நான் ஏறிவந்த ஊருக்கே 1962 முதல் அவர் பெயர்தான். எண்ணிப் பார்த்தேன், ஒரு காசு குறையவில்லை.

இனி புகார். ஜூலை வெயில், உள்ளே முப்பது பேருக்கு மேல், ஜன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நான் மேல் கண்ணாடியை நாலு விரல் தள்ளினேன். உடனே மூன்று வரிசையிலிருந்து ஒரே குரல்: "புரோத்யாஹ்!" எதிரெதிர்க் காற்று பட்டால் கழுத்து பிடிக்கும், காது வலிக்கும், சிறுநீரகம்கூடக் கெடும் என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. மருத்துவம் படிக்கிறவன் என்று வாயெடுத்தேன். மருத்துவம் படிக்கிற என் தோழியே எழுந்து ஜன்னலை மூடினாள்.

பெரிய புகார் திரும்பும் நாளில். ஞாயிறு மாலை 5.20க்கு வண்டி என்று நிறுத்தப் பலகையில் போட்டிருந்தது. 5.05க்கே போய் நின்றோம். இருக்கை நிறைந்துவிட்டதாம், ஐந்து மணிக்கே எடுத்துவிட்டார்களாம். அடுத்தது மறுநாள் காலை. திங்கள் எனக்குத் தேர்வு. கேட்க ஆளில்லை, பலகையில் இருந்த எண்ணை யாரும் எடுக்கவும் இல்லை. இதற்குத்தான் ஒன்றரை நட்சத்திரம் குறைத்தேன். மிச்ச ஒன்று ஜன்னலுக்கு.

தனியாக வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். தம்பி கடைக்குள் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். கால் மணி நேரத்தில் பழைய லாடா கார் ஒன்று நின்றது. ஓட்டிவந்தவரை இருவரும் 'வூய்கு' என்று கூப்பிட்டார்கள். மாமா என்று அர்த்தம், ஆனால் உறவெல்லாம் கிடையாது. அந்தப் பக்கத்தில் மூத்த ஆண் எவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏறும்போது "ஸ்லாவா இசூசு ஹ்ரிஸ்து" (இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்) என்றார். தோழி முழங்கையால் இடித்ததும் "ஸ்லாவா நாவிக்கி" (என்றென்றும் புகழ்) என்று பதில் சொன்னேன். கோசிவ் வழியாகக் கொலொமியா வரை கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டு, பாட்டிக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: இது 2019 நிலவரம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் கிடையாது, தரைவழி மட்டுமே. இரவில் ஊரடங்கும் உண்டு. அப்போது போலவே இப்போதும் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வண்டியை நம்பாதீர்கள். தோழி இப்போதும் அதே வண்டியில்தான் பாட்டி ஊருக்குப் போகிறாள். ஜன்னல் திறந்ததா என்று போன மாதம் கேட்டேன். முறைக்கிற எமோஜி ஒன்றை மட்டும் அனுப்பினாள்.