ஹார்டுவேர் சிந்தா, பிளக்இன்னா? ஒன்பது வருடம் இரண்டோடும் மல்லுக்கட்டிய அனுபவம்

போன மாதம் ஒரு நண்பர், எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து போட்ட ஒரு பாட்டை ஒரு கட்டை இறக்கித் தர முடியுமா என்று கேட்டார். அந்த மேல் ஸ்தாயி இப்போது அவருக்கு எட்டவில்லையாம். அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தேன். மூன்று ராத்திரி போனது. ஹார்டுவேர் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் தனிக் கருவி) வாங்கலாமா, அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்யும் பிளக்இன் மென்பொருள் போதுமா என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாள் நான் சொல்லிவந்த பதிலை அந்த மூன்று ராத்திரி கொஞ்சம் அசைத்துவிட்டது.

என்னிடம் இருப்பது ஒரு அனலாக் சிந்தசைசர், அதாவது எண்களாகக் கணக்கிடாமல் மின்சுற்றிலேயே ஒலி உருவாக்கும் ரகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும், நினைவகம் கிடையாது, குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் சத்தம். ஆறு வருடம் ஒரு டிஜிட்டல் சிந்தும் இருந்தது, அதைக் கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கும் பிளக்இன்கள், ஒலியை லேப்டாப்புக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு சின்ன மிடி கீபோர்டு. மிடி என்பது எந்தக் கட்டையை அழுத்தினோம், எந்தக் குமிழைத் திருப்பினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும் முறை, அதில் ஒலி போவதில்லை.

சத்தத்தைப் பற்றிய சண்டையை முதலில் முடித்துவிடலாம். ஹார்டுவேர் வாங்கிய முதல் வாரம், அடடா என்ன ஒரு கனம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் ஹார்டுவேர் ட்ராக் 2 டெசிபல் சத்தமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்! சத்தம் கூடுதலாக இருப்பது காதுக்கு நன்றாக இருப்பதாகவே படும். அளவைச் சமப்படுத்திவிட்டு, எது எது என்று தெரியாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டேன். சாதாரண பேஸ் ஒலியில் பத்துக்கு ஆறு சரி, அதாவது குருட்டாம்போக்கு. மற்ற வாத்தியங்களோடு கலந்த பிறகு ஆறுகூட வராது. ஆனால் ஒலியை வடிகட்டும் ஃபில்டரில், வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, அதிர்வை உருவாக்கும் ஒரு ஆசிலேட்டரை வைத்தே அந்த ஃபில்டரை வேகமாக அசைத்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. காரணம் இருக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்ற கணக்கில் ஓடும் மென்பொருளில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வுகளுக்கு இடமில்லை. அவை மடிந்து, சம்பந்தமே இல்லாத ஸ்வரங்களாகக் கீழே வந்து விழுகின்றன. நல்ல பிளக்இன்கள் உள்ளுக்குள் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு இதைச் சமாளிக்கின்றன, அதற்கு லேப்டாப் மூச்சு வாங்கும். நான் அப்படிப்பட்ட ஒலிகளை எத்தனை பாட்டில் போடுகிறேன் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு. ஆகவே சத்தத்துக்காக ஹார்டுவேர் வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

கைக்காக என்றால் சொல்வேன். ஒரு வேலைக்கு ஒரு குமிழ், அது எப்போதும் அதே இடத்தில் இருக்கும். இந்த வசதியை மவுஸ் எனக்குத் தந்ததே இல்லை. ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடமான கட்ஆஃபை இடது கையால் திறந்துகொண்டே வலது கையால் வாசிக்கும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, எதையும் யோசிப்பதுமில்லை. மிடி கீபோர்டில் எட்டு குமிழ் இருக்கிறதே, அதைப் பிளக்இன்னோடு இணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ப்ரீசெட்டை, அதாவது சேமித்து வைத்த ஒலியை, மாற்றியதும் திரையில் கட்ஆஃப் ஓரிடத்தில் இருக்கும், குமிழ் வேறிடத்தில் நிற்கும், தொட்டால் சத்தம் எகிறிக் குதிக்கும். போதாக்குறைக்கு, சாதாரண மிடி கன்ட்ரோல் 0 முதல் 127 வரை 128 படிதான், மெதுவாகத் திருப்பினால் சில பிளக்இன்களில் படிக்கட்டு இறங்குவதுபோலக் கேட்கும்.

அதற்காக ஹார்டுவேர் என்றாலே கைக்கு இதம் என்றும் சொல்லிவிட முடியாது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அதிர்வால் இன்னொரு அதிர்வை அசைத்து ஒலி உருவாக்கும் எஃப்எம் முறை அதில். அதிர்வைத் தரும் ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 விதமான அமைப்பு, ஆனால் ஒலியை மாற்ற வரிசையாகத் தட்டைப் பொத்தான்கள், ஒரே ஒரு ஸ்லைடர், இரண்டு வரித் திரை. அதில் புது ஒலி உருவாக்கப் பொறுமையில்லாமல் பலர் உள்ளே இருந்த ஒலிகளையே வாசித்தார்கள். அதே எஃப்எம் முறையை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச பிளக்இன்னில் செய்தால் ஆறு ஆபரேட்டரும் ஒரே திரையில் விரிந்து கிடக்கின்றன. எஃப்எம் எனக்குப் புரிந்ததே அதில்தான். நான் கொடுத்துவிட்ட டிஜிட்டல் சிந்தும் இந்த ரகம்தான். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. கம்ப்யூட்டரைத் தவிர்க்கத்தான் அதை வாங்கினேன், கடைசியில் பார்த்தால் அதுவே சின்னத் திரை வைத்த ஒரு மோசமான கம்ப்யூட்டர்.

லேட்டன்சி, அதாவது கட்டையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவில் உள்ள தாமதம். பிளக்இன்னில் தாமதம், ஹார்டுவேரில் தாமதமே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு, அதில் பாதிதான் உண்மை. 44,100இல் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குக் கணக்கிடும் சாம்பிள் தொகுதி) 256 என்றால் கிட்டத்தட்ட 5.8 மில்லிவினாடி, 128 என்றால் 2.9, இன்டர்ஃபேஸும் டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி வந்து சேர ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும், அதைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. எனக்கு 128இல் எதுவும் தெரியாது, 512இல் கை தாளத்தை விட்டு வழுக்கும். இன்னொரு பக்கம், ஐந்து முள் மிடி கேபிள் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும். ஒரு ஸ்வரத்துக்கான செய்திக்குச் சுமார் 1 மில்லிவினாடி. அந்த டிஜிட்டல் சிந்தை கம்ப்யூட்டரிலிருந்து வாசிக்க வைத்தபோது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பெரிய கார்டுகள் (chords) லேசாகச் சிதறி விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹார்டுவேரைப் பற்றி ஆசைப்பட்டு எழுதுபவர்கள் சொல்லாமல் விடும் சில தொல்லைகள் உண்டு. அனலாக் சிந்த் ஸ்விட்ச் போட்டதும் சுருதியில் நிற்காது, என்னுடையது சூடேற இருபது நிமிடம் எடுக்கும், அதற்குள் எனக்குத் தோன்றிய மெட்டு பறந்துவிடும். யூஎஸ்பி கேபிளையும் ஆடியோ கேபிளையும் சேர்த்துச் செருகினால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கேபிளின் தரை இணைப்பும் சேர்ந்து ஒரு வளையமாகி, ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் எல்லா ரெக்கார்டிங்கிலும் ஏறிவிடும். பழைய ஐந்து முள் மிடிக்கு மாறியதும் நின்றது. அதில் செய்தி ஆப்டோகப்ளர் வழியாக, ஒளியாக மாறி, மின் தொடர்பு இல்லாமல் போகிறது. 1983இல் மிடியை அப்படி யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு. இதைக் கண்டுபிடிக்கும் முன் நான்கு கேபிள் மாற்றினேன்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஃபைலைத் திறந்ததும், பின்னணியில் நீளமாக நிற்கும் பேடு ஒலி இருக்க வேண்டிய இடத்தில் ‘பிளக்இன் கிடைக்கவில்லை’ என்றது. அது 32 பிட் காலத்துப் பிளக்இன், செய்தவர்கள் 64 பிட்டுக்கு மாற்றவே இல்லை, என் இயங்குதளமோ 32 பிட்டைக் கைவிட்டு வெகு நாளாகிறது. காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனால் உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரும் மூடியாயிற்று. டெக்ஸ்டில் செய்த மணி ஒலி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல அப்படியே திறந்தது. பேஸ் அனலாக் சிந்தில் வாசித்தது. அந்தச் சிந்த் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது, ஆனால் எட்டு வருடத்துக்கு முந்தைய குமிழ்கள் எங்கே நின்றன? செல்போனில் எடுத்த ஒரு ஃபோட்டோ கிடைத்தது. அதில் என் கையின் நிழல் சரியாக ஃபில்டர் பகுதிமேல் விழுந்திருந்தது.

மென்பொருளில் எல்லாமே சேமிப்பாகும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடத்துக்குள் அது சரி. அதற்கு மேல் போனால், இன்னொருவர் தொடர்ந்து பராமரித்தால்தான் அது உங்களுடையது. ஹார்டுவேரில் ஒலி அப்படியே திரும்ப வராது, ஆனால் பெட்டி திரும்பத் திரும்ப வேலை செய்யும். பழுதானால் திறந்து பார்க்க ஆள் கிடைக்கும் வரை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், சில பழைய சில்லுகள் இப்போது யாரும் செய்வதில்லை.

என்னைக் காப்பாற்றியது அந்தக் காலத்துச் சோம்பேறித்தனம். லேப்டாப் திணறியதால் பேடு ட்ராக்கை ஆடியோவாக பவுன்ஸ் செய்து, அதாவது பிளக்இன் இல்லாமலே ஓடும் ஒலிப்பதிவாக மாற்றி, வைத்திருந்தேன். அதை மென்பொருளில் ஒரு கட்டை இறக்கினேன். நீளமாக நிற்கும் ஒலி என்பதால் பெரிதாகக் கெடவில்லை. பேஸை அப்படி இறக்கியபோது அடி தளர்ந்து சேறுபோல ஆனது, வேறு வழியில்லாமல் ஃபோட்டோவைப் பார்த்துக் குமிழ்களை வைத்து, நிழல் விழுந்த மூன்றையும் காதால் தேடி, புதிதாக வாசித்தேன். இரண்டாவது ராத்திரியும் மூன்றாவது ராத்திரியும் அதற்கே போனது.

நண்பர் கேட்டுவிட்டு, பேஸ் முன்பைவிட நன்றாக இருக்கிறதே, என்ன மாற்றினாய் என்றார். பேடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த முறை விளக்கைப் போட்டு, கையை விலக்கி, குமிழ்களை நான்கு ஃபோட்டோ எடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டேன். மீதிப் பழைய பாட்டுகளின் பிளக்இன் ட்ராக்குகளை ஒவ்வொன்றாக ஆடியோவாக்கிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு பாட்டில் பதினொன்று முடிந்திருக்கிறது, இரண்டு திறக்கவே இல்லை.