விமான ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இரண்டு மாதமாக என் உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு வலிக்கிற இடம் ஒன்று இருந்தது. சீப்பு பட்டாலே சுள்ளென்று இருக்கும். ஹெட்செட் கொடுத்த பரிசு அது. அந்த வலியை நான் காசு கொடுத்து வாங்கினேன் என்பதுதான் வேடிக்கை. ஏர்லைனில் விமானம் ஓட்டுகிறவர்களும் ஓட்டப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் சில வருடம் ஏடிஆர் என்ற ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டிவிட்டு ஏர்பஸ் ஏ320 ஜெட்டுக்கு மாறியவன். ஏடிஆரில் காது படும் பாடு வேறு. ஆறு இலை ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் நொடிக்கு 120 முறை காற்றை அறைகிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் உறுமல் நெஞ்சுக்குள்ளேயே இறங்கும். இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஏஎன்ஆர் ஹெட்செட் அங்கே தெய்வம் மாதிரி. காதுக் கிண்ணத்துக்குள் இருக்கும் குட்டி மைக் உள்ளே வரும் இரைச்சலைக் கேட்கும், அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் உண்டாக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளில் இந்த வித்தை பிரமாதமாக வேலை செய்யும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அங்கே காதை மூடியிருக்கும் மெத்தைதான் காப்பாற்ற வேண்டும்.

ஜெட் காக்பிட்டில் உறுமல் குறைவு. முன்கண்ணாடியில் உரசிப்போகும் காற்றின் சீறலும், கருவிகளைக் குளிர்விக்கும் விசிறிகளின் சத்தமும்தான் அதிகம். அதனால்தான் ஏ320, போயிங் 737 ஓட்டுகிற பலர் காதின் மேல் லேசாக உட்காரும் சின்ன ஹெட்செட் போட்டிருப்பார்கள். எனக்கு அது ஏறவில்லை. பழைய ருசி. பெரிய கிண்ணம், காதை முழுக்க மூட வேண்டும், ஏஎன்ஆர் பலமாக இருக்க வேண்டும் என்றே தேடினேன். விமானத்திலேயே இருக்கும் பொது ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்துப் பேர் வியர்வை ஊறி இறுகிப்போன அந்த மெத்தையை ஒருமுறை காதில் வைத்துப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அப்படித் தேடும்போது இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பெயர்பெற்ற நிறுவனத்தின் ஹெட்செட், ஒரே ஒருவர் சில தடவை பயன்படுத்தியது, ஏர்பஸ் ப்ளக், டிஎஸ்ஓ என்கிற அமெரிக்க விமானத் தரச் சான்று உண்டு, 50 டெசிபல் இரைச்சலைக் குறைக்கும், பேட்டரியே வேண்டாம், விமானத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். படத்தில் இடது கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது. குறையை மறைக்காமல் காட்டுகிறாரே, நேர்மையான ஆள் என்று நினைத்தேன். போன் செய்தேன்.

“சார், கண்ண மூடிட்டு வாங்கலாம். ஏர்லைன்ல இருக்கவங்க எல்லாம் இததான் போடறாங்க.”

“போட்டுப் பார்த்துப் பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?”

“பிடிக்காமப் போக சான்ஸே இல்ல சார்.”

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பணத்தை நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் பிறகு வங்கியிடம் முறையிடவாவது வழி இருந்திருக்கும்.

பெட்டி வந்தது. பிரித்தால் கீறலே இல்லை. படத்தில் இருந்ததைவிட நல்ல பீஸாக அனுப்பியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, எதிரே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சத்தம் துடைத்துவிட்டது மாதிரி மறைந்தது. அவ்வளவுதான், திருப்தி. ஃபேனின் முனகலை எந்த மட்டமான ஏஎன்ஆரும் மறைத்துவிடும். மைக்கைப் பற்றியோ, தலை வலியைப் பற்றியோ, மூக்குக்கண்ணாடியைப் பற்றியோ அந்தச் சோதனை எதுவுமே சொல்லாது. இன்னொன்று: சுவிட்ச் பேட்டரியில்தான் வேலை செய்தது. பேட்டரி வேண்டாம் என்றாரே? விமானத்தில் செருகினால் தானாக எடுத்துக்கொள்ளுமாக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள், முதல் செக்டர், அதாவது முதல் பறப்பு. விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக்குக்கு முன்பே கேப்டன் திரும்பிப் பார்த்தார். “தம்பி, மைக் வாய்கிட்ட இருக்கா?” இருந்தது. உதட்டில் படாத குறைதான். இன்டர்காம் வால்யூமை ஏற்றினார். விமானம் தரையில் ஓடும் டாக்ஸியில், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடான ஏடிசி கொடுத்த ரூட்டை நான் ரீட்பேக் செய்தேன், அதாவது திருப்பிச் சொன்னேன், “சே அகெய்ன்” என்றார்கள். மறுபடி சொன்னேன். மறுபடி அதே. மூன்றாவது தடவை கேப்டனே மைக்கை எடுத்துச் சொல்லி முடித்தார். “உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலே ஏறிய பிறகு அடுத்த கூத்து. நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் நடுவே ஓடுகிற இடத்தில் ஒரு நூல் இடைவெளி விழும். அதன் வழியாக இரைச்சல் உள்ளே வரும், ஏஎன்ஆர் அதைத் துரத்தப் பார்க்கும், முடியாமல் திணறும். நான் வாயைத் திறந்து பேசினாலோ தலையைத் திருப்பினாலோ காதுக்குள் ‘டும், டும்’ என்று யாரோ தட்டுவது மாதிரி ஒரு சத்தம். அதோடு, நான் எதைத் தடுக்க வாங்கினேனோ அந்தக் காற்றின் சீறல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. 50 டெசிபலாம். எந்த அதிர்வெண்ணில், எத்தனை ஹெர்ட்ஸில் என்று சொல்லாமல் ஒரு டெசிபல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஏஎன்ஆர் எதுவும் இல்லாத, காதை வெறுமனே இறுக்கி மூடுகிற டேவிட் கிளார்க் எச்10-13.4 என்ற பழைய வேலைக்காரனின் என்ஆர்ஆர் மதிப்பு, அதாவது இரைச்சல் குறைப்பு அளவு, 23 டெசிபல். இதைத் தெரிந்துவைத்திருந்தால் 50 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும்.

முதல் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பு அழுத்தியது. மூன்றாவதில், இரண்டாவது செக்டரில், உச்சந்தலையில் அந்த ஒற்றைப் புள்ளி எரிய ஆரம்பித்தது. மேல்பட்டையின் மெத்தை சின்னது. மொத்த எடையும் ஒரே இடத்தில் இறங்கியது. இப்படி ஆனால் கை தானாக ஹெட்செட்டைத் தூக்கித் தூக்கி வைக்கும். ஒவ்வொரு தடவையும் காது திறக்கும், ஏஎன்ஆர் திணறும், ஏடிசி சொன்னதில் பாதி போகும். மேலே சீராகப் பறக்கும் க்ரூஸில் என்றால் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேட்கலாம். இறங்கும்போது முடியாது. ட்ரான்ஸிஷன் லெவல் என்கிற குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே காக்பிட் பணியில் இருப்பவர்கள் வாய்க்கு முன்னால் நீளும் பூம் மைக் அல்லது தொண்டை மைக் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேவோவின் ஆறாம் இணைப்பிலேயே இருக்கிற விதி. வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் தலை அதிகமாக வலித்தது.

திரும்பும் செக்டருக்குப் பொது ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன். வியர்வை நாற்றம் அன்றைக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ப்ளக்கின் உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஏர்பஸ்ஸில் இருப்பது ஐந்து முனை எக்ஸ்எல்ஆர், ஒரே ப்ளக்கில் எல்லாம் அடக்கம். கம்பெனியில் போட்ட ப்ளக் என்றால் உள்ளே சுத்தமாக இருக்கும். இதில் சால்டரிங் திட்டுத்திட்டாக, ஒரு கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப். டேப்! இன்னும் இரண்டு கம்பிகள் எதிலும் சேராமல் வெட்டிவிடப்பட்டுக் கிடந்தன. கேபிள் பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளில் டிஎஸ்ஓ-சி139 என்று அச்சடித்திருந்தது, வரிசை எண் இருந்தது, பார்ட் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. முறையான டிஎஸ்ஓ பொருளில் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், டிஎஸ்ஓ எண், அதோடு வரிசை எண்ணோ தயாரித்த தேதியோ இருந்தாக வேண்டும். அந்த வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்.

நான்கு நாளில் பதில் வந்தது. அந்த எண் ராணுவ ஹெலிகாப்டருக்காகச் செய்த ஒரு மாடலுக்கு உரியது. அதில் முதலில் இருந்தது யு-174 என்கிற ஒற்றை ப்ளக். மைக் குறைந்த இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி ஒன்று) கொண்ட டைனமிக் வகை, ஐந்து ஓம். சிவிலியன் விமானத்தின் மைக் இணைப்பு எதிர்பார்ப்பது வேறு: விமானமே கொடுக்கிற சின்ன டிசி மின்னழுத்தத்தில் ஓடி, குரலை உள்ளேயே பெருக்கி அனுப்புகிற மைக். ஐந்து ஓம் மைக்கை அதில் செருகினால் கிணற்றுக் குரல்தான் வரும். கேப்டன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. யாரோ ராணுவம் கழித்துவிட்ட ஹெட்செட்டை எடுத்து, ப்ளக்கை வெட்டி, எக்ஸ்எல்ஆரை ஒட்டி, லேபிளை அச்சடித்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். இந்த முறை குரலில் பழைய தேன் இல்லை. “நீங்க யூஸ் பண்ணிட்டீங்க சார், இனி அது பழசு.” பழசு என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்றேன். “ப்ளக்கை நீங்க திறந்திருக்கீங்க, வாரண்டி போச்சு.” இல்லாத வாரண்டி எப்படிப் போகும்? நிறுவனத்தின் பதிலை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, அதற்கப்புறம் எண்ணே பிளாக்.

எங்கள் இன்ஜினியரிங் பிரிவில் ஒரு நண்பர் வேறு திட்டினார். சொந்த ஹெட்செட் கொண்டுவரலாம், ஆனால் அனுமதித்த மாடல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார். கேட்டிருக்கலாம். உங்கள் கம்பெனியிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயே ஆக்சிஜன் மாஸ்க்கோடும் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரே கையால் ஐந்து விநாடிக்குள் மாட்ட வேண்டிய மாஸ்க் அது. என் ஹெட்செட்டின் தடித்த பூம் மாஸ்க்கின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. தரையில் நின்றுகொண்டிருந்த விமானத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

ஏஎன்ஆர் விஷயத்தில் இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஹெட்செட் வழியாக வராமல் காக்பிட்டில் மட்டும் கேட்கிற எச்சரிக்கை ஒலிகள் ஏஎன்ஆர் போட்டிருப்பவருக்குக் கேட்காமல் போகலாம் என்று அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ 2007லேயே விமான நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. புது ஹெட்செட் வாங்கினால் தரையிலேயே ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஒலிக்கவிட்டுக் கேட்டுவிடுங்கள். பலமான ஏஎன்ஆர்தான் நல்லது என்ற என் பிடிவாதம் அங்கேதான் கழன்றது.

இப்போது என்னிடம் இருப்பது காதின் மேல் உட்காரும் சின்ன வகை. நேராக டீலரிடமே வாங்கினேன். வாங்கும்முன் எழுத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு வாரம் விமானத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா? ஒரு கடையில் “பெட்டியைப் பிரித்தால் முடியாது” என்றார்கள், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காதுக்குள் செருகும் வகையும் பார்த்தேன். போஸ் ப்ரோஃப்ளைட் மாதிரியானவை நூற்றிச்சொச்சம் கிராம்தான், தலைக்குப் பாரமே தெரியாது. ஆனால் எனக்கு நாள் முழுக்கக் காதுத் துளைக்குள் ஏதாவது இருந்தால் அரிக்கும். இதில் உங்கள் காதுதான் தீர்மானிக்க வேண்டும், என் காது இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் மெல்லிய, நேரான காம்பு உள்ள கண்ணாடியோடு ஒருமுறை, வழக்கமான கண்ணாடியோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனக்கு ஹெட்செட்டை மாற்றியதில் கிடைத்த நிம்மதியில் பாதி, காம்பை மாற்றியதில் கிடைத்தது.

பழையது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் லேபிளின் படத்தைக் கேளுங்கள். பார்ட் நம்பரும் வரிசை எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள், பதில் சொல்வார்கள். எனக்கு நான்கு நாள் ஆனது. நான் இரண்டு மாதம் தலைவலியோடு திரிந்ததற்கு அது ஒன்றும் அதிகமில்லை.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். வேறு பெயரில், வேறு எண்ணில் அதே விளம்பரம் வந்திருக்கிறது. அதே 50 டெசிபல், அதே ஒரே ஒருவர் பயன்படுத்தியது. படமும் அதேதான். இடது கிண்ணத்தின் ஓரத்தில் அந்தச் சின்னக் கீறல்.