தறிச் சத்தத்துக்கு நடுவே பாட்காஸ்ட்: எந்த மைக், எந்த மேடை?

சேலத்தில் முதன்முதலாகப் பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர் பெரும்பாலும் எந்த மைக் வாங்குவது என்ற கேள்வியோடுதான் வருகிறார். ஆனால் எந்த அறையில் பேசப்போகிறோம், கேட்பவர் அப்போது என்ன வேலையில் இருப்பார் என்ற இரண்டும் அதற்கு முன்பே தீர வேண்டியவை. அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவருக்கும், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நடுவே வசிப்பவருக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பது பொருந்தாது. ஆகவே கருவிகளை விலை வரிசையில் நிறுத்தாமல், சுற்றிலும் உள்ள சத்தத்தை வைத்தே ஒப்பிடுகிறேன்.

கையில் இருக்கும் கைப்பேசி, சட்டையில் மாட்டும் காலர் மைக், யூஎஸ்பி கண்டென்சர், யூஎஸ்பி டைனமிக் என நான்கு வழிகள் புதியவர் முன் இருக்கின்றன. கண்டென்சரில் உள்ள மெல்லிய சவ்வு சிறு அதிர்வுக்கும் அசையும். டைனமிக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்துக்குள் அசைய வேண்டியிருப்பதால், அது எழுப்பும் மின்குறிப்பும் வலுக் குறைந்தது. இதை வைத்து, டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று கடைகளில் சொல்வதுண்டு. அந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே திசையமைப்பு உள்ள, அதாவது ஒரே திசைகளிலிருந்து ஒலியை வாங்கும், இரண்டு மைக்குகளை வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்கு உயர்த்தினால், தறிச் சத்தம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கேட்கும். டைனமிக்கின் பெருமைக்கு உண்மையான காரணம், அதை வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்துப் பேசியே ஆக வேண்டும் என்பதுதான். தூரம் பாதியானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் கூடுகிறது. 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 12 டெசிபல் கிடைக்கிறது. அடுத்த தெருச் சத்தமோ, நாம் நெருங்கியதால் கூடுவதில்லை. மேசையின் மறுகோடியில் அழகாக நிறுத்திய விலையுயர்ந்த கண்டென்சரைவிட, கன்னத்தருகே பிடித்த கைப்பேசி தெளிவாக ஒலிப்பதும் இதனால்தான்.

ஆகவே நகரத்துக்குள் பதிவு செய்பவருக்கு என் தேர்வு யூஎஸ்பி டைனமிக்தான். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பியோடு, ஒலிக்கருவிகளோடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இருப்பதால், பின்னாளில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்குப் பல மைக்குகளை இணைக்கும் தனிக் கருவி வாங்கினாலும் மைக்கை மாற்ற வேண்டியதில்லை. சில ஆயிரங்கள் செலவாகும் என்பது உண்மை. அதற்கு வழியில்லாதவர் கண்டென்சரை நோக்கிப் போகாமல், கைப்பேசியிலேயே முதல் சில பகுதிகளைப் பதிவு செய்யலாம். போயா பிஒய்-எம்1 போன்ற காலர் மைக்குகள் விலையில் மலிந்தவை, பேசுபவரின் கைகளுக்கும் விடுதலை தருபவை. ஆனால் அவை எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குபவை ஆதலால், அம்மாப்பேட்டையில் பேட்டி எடுத்தால் பேட்டி கொடுப்பவரோடு தறியும் சேர்ந்தே பேசும். பிறகு மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்விசிறி போல ஒரே சீராக இரையும் சத்தத்தை ஆடாசிட்டி என்ற மென்பொருள் ஓரளவு குறைத்துவிடும், தறியின் நாடா அடித்து அடித்து எழுப்பும் சத்தம் விட்டுவிட்டு வருவதால், அதை நீக்கப்போனால் குரலும் சேர்ந்து சிதையும்.

அப்படியானால் ஏற்காட்டு மலைக்கே போய்ப் பதிவு செய்யலாமே என்று தோன்றும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் தறி இல்லை, பேருந்து நிலையம் இல்லை. ஆனால் காற்று மைக்கில் மோதி எழுப்பும் உறுமல் இருக்கிறது. மாலையானால் சில்வண்டு தொடங்கிவிடும், அதன் கூர்மையான ஒலி சகர, டகர எழுத்துகளின் தெளிவைக் கெடுக்கும். கண்டென்சரின் உள்ளுறுப்பு ஈரத்துக்கு அஞ்சுவது. பனிமூட்டத்தில் எடுத்துச் செல்பவர் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சேர்வராயன் கோயில் திருவிழாவையோ மிளகுக் கொடியில் வேலை செய்பவரின் பேச்சையோ அந்தச் சூழலின் ஒலியோடு பதிவு செய்ய மலைக்குப் போவது சரி. வாரந்தோறும் உட்கார்ந்து பேச, கீழேயுள்ள வீட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, தரையில் மெத்தை விரித்த அறையே மேல். வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள அறை எதிரொலிக்கும். அந்த எதிரொலியை எந்த விலை மைக்கும் மறைக்காது.

வெட்டித் தொகுக்கும் மென்பொருளில் நெடிய ஒப்பீடு தேவையில்லை. கணினி இருந்தால் இலவசமான ஆடாசிட்டி போதும். ஒற்றைக் குரல் நிகழ்ச்சியை மோனோவாக (ஒரே ஒலித்தடமாக) வெளியிடுவதையும், ஒலியளவை ஆப்பிள் பரிந்துரைக்கும் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அருகே வைப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டால் சரி.

நிகழ்ச்சியை வெளியிடும் மேடையைத் தேர்வதில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. தமிழ்க் கேட்பாளர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது யூடியூபில். அறிமுகமில்லாத ஒருவரை அறிமுகமில்லாதவர்களிடம் கொண்டுசேர்க்கும் வலிமையில் அதற்கு இணை கிடையாது. ஆனால் இந்தியாவில் பிரீமியம் சந்தா இல்லாதவரின் கைப்பேசியில், திரையை அணைத்தால் யூடியூப் செயலியும் நின்றுவிடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பவர் கண்ணையும் கையையும் வேலைக்குக் கொடுத்துவிட்டுக் காதை மட்டுமே நமக்குத் தருகிறார்; அவருக்குத் திரை எரிந்துகொண்டே இருக்கும் நிகழ்ச்சி பயன்படாது. மோனோவில் 64 கேபிபிஎஸ் வேகத்தில் வெளியிட்ட அரை மணி நேர ஒலிக்கோப்பு சுமார் 14 எம்பிதான். காணொளி அதைவிடப் பல மடங்கு டேட்டாவைத் தின்னும்.

ஒலிக்கென்றே உள்ள வழி ஆர்எஸ்எஸ். நம் பகுதிகளின் பட்டியலும் ஒலிக்கோப்பின் முகவரியும் அடங்கிய ஒரு சிறு கோப்பை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் முதலிய செயலிகள் அவ்வப்போது வந்து படித்துச் செல்கின்றன. செயலி மூடப்பட்டாலும் நிகழ்ச்சி அழிவதில்லை. 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது, கேட்பவர்கள் அதே நிகழ்ச்சியை வேறு செயலியில் தொடர முடிந்தது அதனால்தான். இந்தக் கோப்பைப் பராமரிக்க இலவச வழியாக ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இருக்கிறது. 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கிய ஆங்கரின் இன்றைய வடிவம் அது. பஸ்ஸ்ப்ரௌட், டிரான்சிஸ்டர் போன்ற கட்டணச் சேவைகள் கூடுதல் புள்ளிவிவரமும் உதவியும் தருகின்றன. எத்தனை பகுதிகள் தொடர்ந்து வரும் என்று தமக்கே தெரியாத புதியவர் மாதக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்பதே என் கருத்து. இலவசத்தில் தொடங்கி, ஆர்எஸ்எஸ் முகவரியைப் பெற்று ஆப்பிளில் தாமே பதிந்துகொண்டு, அதே ஒலியை முகப்புப் படத்தோடு யூடியூபிலும் ஏற்றலாம். யூடியூப் ஆள் பிடித்துத் தரும், ஆர்எஸ்எஸ் வந்த ஆளைத் தங்கவைக்கும்.

பின்னர் வேறு சேவைக்கு மாற நேர்ந்தால், பழைய ஆர்எஸ்எஸ் முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றம் செய்துவிட்டுக் கேட்பவர்களையும் கூட்டிச் செல்லலாம். அந்த வசதி உண்டா என்பதைக் கணக்குத் தொடங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். நிகழ்ச்சி நம்முடையதுதான் என்று உறுதிசெய்யும் கடிதம் ஆர்எஸ்எஸ்ஸில் உள்ள மின்னஞ்சலுக்கே வரும். ஆதலால் பதிவு செய்து தரும் ஸ்டூடியோக்காரரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் தம்முடையதையே கொடுக்க வேண்டும். சுருக்காத மூலப் பதிவுகளைத் தனி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்வதும் அவசியம். மோனோவில் அரை மணி நேரத்துக்கு சுமார் 160 எம்பிதான் ஆகும்.