சிம்மாசனத்தின் 32 படிகளும் ஒரு கட்டுத் தாளும்

பேத்திக்கு இரவில் ஒரு பதுமை வீதம் விக்கிரமாதித்தன் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பதுமையில் மறித்துவிட்டாள். “அம்மப்பா, அந்தச் சிம்மாசனத்தை வாயால் சொன்னால் போதாது, கீறிக் காட்டுங்கள்.”

28 வருடம் படவரைஞராக இருந்தவனுக்கு வெறுமனே கீறிக் கொடுக்க மனம் வரவில்லை. 30 சென்ரிமீற்றர் அகலம், 24 உயரம், 25 ஆழமுள்ள ஒரு பெட்டிக்குள் சபாமண்டபத்தையே கட்டி எழுப்புவது என்று முடிவெடுத்தேன். சுவர், படி, பதுமை எல்லாம் தாளில் வரைந்து, வெட்டி, மடித்து நிறுத்த வேண்டும். அதற்காகத் திருகோணமலை நகரத்தில் ஓர் எழுதுபொருட் கடையில் வாங்கிய 300 கிராம் நீர்வர்ணத் தாள் கட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஏ3 அளவு, 12 தாள்கள்.

முதலில் பிரிஸ்டல் போர்ட் அட்டையில்தான் முயன்றேன். வர்ணம் பட்டதும் அப்பளம் போல நெளிந்துவிட்டது. இந்தத் தாள் அப்படியில்லை. ஒரு சதுர மீற்றர் 300 கிராம் என்றால் ஓர் ஏ3 தாள் ஏறத்தாழ 37 கிராம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். பின்சுவருக்கு மூன்று தடவை நீலத்தை நீர்க்கக் கரைத்துப் பூசினேன். நான்கு பக்கமும் நாடா ஒட்டிப் பலகையில் கிடத்தியிருந்ததால் காய்ந்தபின் தட்டையாகவே இருந்தது.

சோதனை படிகளில் வந்தது. ஒவ்வொரு படிக்கும் 5 மி.மீ. உயரம், 6 மி.மீ. அகலம். 32 படிக்கு 352 மி.மீ. நீளமுள்ள ஒரே பட்டை போதும், 420 மி.மீ. நீளத் தாளில் ஒட்டே இல்லாமல் எடுத்துவிடலாம் என்று மகிழ்ந்தேன். நாலாவது மடிப்பிலேயே விளிம்பு வெடித்து வெள்ளை நார் தெரிந்தது. குற்றம் என்னுடையதுதான், வெட்டுமுன் தாளின் நார் ஓடும் திசையைப் பார்க்கவில்லை. தாளை இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வளைவின் கோட்டோடு நார் ஓடுகிறது. மடிப்பும் அந்தக் கோட்டிலேயே விழ வேண்டும். இந்தக் கட்டில் நார் நீளவாட்டில் ஓடுகிறது. அட்டையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இவ்வளவு விலைக்கு விற்கும் பொருளில் இதை அச்சிடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே பட்டையைக் குறுக்குவாட்டில் 297 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன். 26 படிகளும், பசை பூச 11 மி.மீ. நாக்கும் கிடைத்தன. மீதி ஆறு படிகளை இன்னொரு துண்டில் மடித்து ஒட்டினேன். அந்த ஒட்டு 26ஆம் பதுமையின் சேலைக் கொசுவத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கத்தியின் முதுகால் ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு கூராக நிற்கிறது.

பதுமைகள் ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தைவிடச் சற்று உயரம். 0.25 மி.மீ. முனையுள்ள ரொட்ரிங் வரைபடப் பேனாவால் முகம் எழுதும்போது தாளின் சொரசொரப்பில் முனை இடறியது. பின்பக்கம் சற்று வழவழப்பாக இருந்ததால் பதுமைகளை அந்தப் பக்கத்தில் வரைந்தேன். முன்பக்கச் சொரசொரப்பு வீண்போகவில்லை. மண்டபத் தூணுக்குக் கருங்கல் போலவே பொருந்திவிட்டது. யன்னலுக்கு வெளியே பிரட்ரிக் கோட்டைப் புள்ளிமான்களைப் பார்த்து இரண்டை வரைந்தேன். அவற்றுக்கும் பின்னால் முருங்கை மரமும் வேதாளமும், தூரம் தெரிவதற்காக மிக வெளிறிய சாம்பலில்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கட்டின் அடியிலிருந்த மூன்று தாள்களில் வர்ணம் மையொற்றுத் தாளில் போல ஊறிப் பரவியது. ஈரம் பட்டால் தாளின் மேற்பூச்சு கெட்டுவிடும். நமது கடற்காற்றில், அதுவும் மாரி காலத்தில், அலுமாரிக்குள் கிடந்தாலே போதும். கடையில் காட்டினேன். தம்பி மறுபேச்சில்லாமல் வேறு மூன்று தாள் எடுத்துத் தந்தார். வாங்கும்போதே கடைசித் தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கக் கேளுங்கள். நல்ல தாளில் சொட்டு சற்று நேரம் முத்துப்போல நிற்கும்.

பசைக்கும் பருவம் பார்க்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் பைண்டர் கம் மூலையைப் பொருத்துவதற்குள் இறுகிவிடுகிறது. விடிகாலையில் ஒட்டினேன், ஒழுங்காகப் பிடித்தது.

ஒரு தாளின் விலைக்குப் பல பிரிஸ்டல் போர்ட் வாங்கலாம். பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு இது தேவையில்லை. மடித்து நிறுத்தி, வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகிற வேலையென்றால் இதையே வாங்குங்கள். நான் இரண்டாவது கட்டும் வாங்கிவிட்டேன். சிம்மாசனம் புதைந்து கிடந்த கொல்லையையும் அதன் மேலே நின்ற பரணையும் இன்னொரு பெட்டியாகச் செய்யச் சொல்லியிருக்கிறாள் பேத்தி. பரணுக்கு ஏணி வேண்டுமாம், ஏறி இறங்கக்கூடியதாக.