இரைப்பை இல்லாத மீனில் பெப்சின் தேடினேன்

மீன்களில் புரதத்தைச் சமிபாடு செய்யும் நொதியங்களின் மரபணுக்களை 2022 தொடக்கத்திலிருந்து தேடிவருகிறேன். கொழும்பு வெள்ளவத்தை அறையில் ஒரு பழைய மடிக்கணினிதான் துணை. என்சிபிஐ, என்செம்பிள், யுனிப்ராட், மெரோப்ஸ் ஆகிய நான்கு மரபணு, புரதத் தரவுத்தளங்களும் இலவசம். செலவு நேரம் மட்டும். அதைத் தாராளமாகவே செலவழித்துவிட்டேன்.

முதல் மூன்று வாரங்களை விழுங்கியது இரைப்பையில் புரதத்தை வெட்டும் பெப்சின். மனிதப் பெப்சினின் புரதவரிசையைக் கொடுத்து வரிக்குதிரை மீனின் மரபணுத்தொகுதியில் ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் பிளாஸ்ட் தேடல் நடத்தினேன். முடிவுகள் ஏராளம். ஆனால் முன்னால் நின்றவை கதெப்சின் டி, ரெனின் போன்ற உறவுக்காரர்கள், ஆளைக் காணவில்லை. அமைப்பில் ஏதோ பிழை விட்டேன் என்று எண்ணி எல்லைகளைத் தளர்த்தினேன். மெடாக்கா என்ற சிறு ஜப்பானிய மீனுக்குப் போனேன். அங்கும் அதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி ரோகு வெட்டிக்கொண்டிருந்தார். குடல் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எங்கும் ஒரு பை இல்லை.

"இதற்கு இரைப்பை எங்கே மாமி?"

"இந்த மீனுக்கு அது ஏது தம்பி, எல்லாம் குடல்தான்" என்றபடி பூனைக்கு எறிந்தார்.

ரோகுவும் வரிக்குதிரை மீனும் கெண்டை இனத்தவை. இரைப்பையை இழந்த மீன்கள் பெரும்பாலும் பெப்சின் மரபணுவையும், அமிலம் சுரக்கவைக்கும் புரோத்தன் பம்பியின் மரபணுக்களையும் சேர்த்தே இழந்தன என்ற ஆய்வு 2013இலேயே வெளிவந்திருந்தது. மெடாக்காவும் அப்படித்தான். அன்றிரவு இரைப்பை உள்ள திலாப்பியாவில் தேடினேன். பெப்சின் உடனே வந்து நின்றது.

குடலில் புரதத்தை வெட்டும் திரிப்சினில் தொல்லை நேர்மாறு. ஒன்று கேட்டால் ஒரு கூட்டமே வரும். இந்த மீன்களின் மூதாதையில் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மரபணுத்தொகுதி முழுவதுமே இரட்டித்தது ஒரு காரணம். குருதியை உறையவைக்கும் துரொம்பினும் அதே குடும்பம் என்பதால் கூடவே வரும். ஹப்டோகுளோபின் என்று ஒன்று வரும். உருவம் திரிப்சினுடையது, வெட்டும் பல் கிடையாது.

ஆகவே, கணினி தானாக ஒட்டிய 'திரிப்சின் போன்றது' என்ற பெயரை நான் நம்புவதில்லை. வரிசையை, திரிப்சினின் உறவான மாட்டின் கைமோதிரிப்சினோடு பொருத்தி, அதன் எண்முறையில் நான்கு இடங்களைப் பார்க்கிறேன். 57இல் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், 102இல் அஸ்பார்ட்டிக் அமிலம், 195இல் செரின்: மூன்றும் இருந்தால்தான் வெட்டும். பிறகு 189. அங்கே செரின் என்றால் பெரும்பாலும் கைமோதிரிப்சின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்றால் திரிப்சினாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள்: துரொம்பினும் இந்தத் தேர்வில் தேறிவிடும். அதைக் கழிக்க நீளத்தைப் பார்க்க வேண்டும். திரிப்சினின் முன்னோடி (செயற்படத் தொடங்குமுன் உள்ள முழு வடிவம்) ஏறத்தாழ 250 அமினோ அமிலங்கள். துரொம்பினின் முன்னோடி 600க்கும் மேல்.

யுனிப்ராட்டில் மனிதர் வாசித்துச் சரிபார்த்த சுவிஸ்ப்ராட் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. மீன் பதிவுகள் குறைவு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். மரபணுவின் அக்கம்பக்கத்தைப் பார்க்க என்செம்பிள், குடும்பம் பிரிக்க மெரோப்ஸ்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. அப்போது பழகியது, பிளாஸ்ட் தேடலை அனுப்பியதும் திரையில் தோன்றும் கோரிக்கை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வது. தேடல் நடப்பது அமெரிக்காவில். கொழும்பு இருட்டில் கிடக்க அது தன்பாட்டில் ஓடி முடியும். மின்சாரம் வந்ததும் எண்ணைக் கொடுத்து முடிவை எடுக்கலாம், அதிகம் தாமதிக்காவிட்டால். பூச்சியத்தையும் ஆங்கில 'ஓ'வையும் மட்டும் பார்த்து எழுதுங்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.