மூன்று வருஷமாக பெல்லட் அடுப்பு: சாம்பலோடு நடத்திய குடித்தனம்

குடியாத்தத்திலிருந்து பலமனேர் போகிற ரோட்டில், ஆந்திர எல்லை சைனகுண்டா செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி எங்கள் ஊர். மோர்தானா காட்டை ஒட்டி இருப்பதால் ஒரு காலத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. கௌண்டின்யா சரணாலயத்து யானைகளுக்கு ஆந்திரா, தமிழ்நாடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அவை இந்தப் பக்கம் இறங்கி வர ஆரம்பித்த பிறகு விறகு பொறுக்கப் போவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். கேஸ் இருக்கிறது. ஆனால் ஏழு பேருக்குக் குளிக்கத் தண்ணீர், மாட்டுக்குத் தீனி வேகவைப்பது, ஆர்டர் வந்தால் அதிரசம், முறுக்கு என்று எல்லாவற்றையும் சிலிண்டரில் செய்தால் கட்டுப்படியாகாது. அப்படித்தான் ஃபேன் வைத்த பெல்லட் அடுப்பு வந்தது. மரத்தூளையோ பயிர்க் கழிவையோ அழுத்திச் செய்கிற சின்னக் கட்டிகள்தான் பெல்லட். இந்தப் பொங்கலோடு மூன்று வருஷம்.

புகை இல்லை, கரி பிடிக்காது, சீக்கிரம் கொதிக்கிறது என்று வாங்கின புதிதில் எல்லாரும் சொல்வது உண்மைதான். யாரும் சொல்லாதது சாம்பலைப் பற்றி.

யூட்யூபில் தேடினால் குளிர் நாட்டு வீடியோக்கள்தான் வரும். அது வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. தானே பெல்லட்டை இழுத்துப் போட்டுக்கொள்ளும். நம்முடையது சமையல் அடுப்பு. இரட்டைச் சுவர் வைத்த உருளையான அறை, அடியில் ஓட்டை போட்ட இரும்புத் தட்டு, அதற்குக் கீழே பேட்டரியில் ஓடுகிற சின்ன ஃபேன். 600, 700 கிராம் பெல்லட்டை நிரப்பி மேலே பற்ற வைக்க வேண்டும். (நான் பற்ற வைக்க எடுப்பது தீப்பெட்டிக் கம்பெனியில் கழிக்கிற குச்சி. குடியாத்தத்தில் அதற்கா குறை.) கீழ்த் தட்டு வழியாகக் கொஞ்சம் காற்று போய் பெல்லட் வெந்து வாயு கிளம்பும்; அறையின் மேல் விளிம்பில் சுற்றிலும் இருக்கிற பொடி ஓட்டைகள் வழியாக வருகிற காற்றில் அந்த வாயு எரியும். 2006 வாக்கில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் ‘ஊர்ஜா’ என்று ஒன்று வந்ததே, அந்த வகையறா. ஒரு தடவை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். ஆக, காற்று இரண்டு இடத்தில் நுழைகிறது. அந்த இரண்டு இடத்தையும் அடைக்கிற ஒரே சனியன் சாம்பல்.

முதல் நாலைந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீலமும் ஆரஞ்சுமாக நின்ற தீ மஞ்சளாகி நாக்கை நீட்ட ஆரம்பித்தது. பாத்திரத்தின் அடி கறுத்தது. ஃபேன் சத்தம் மாறி, உறுமல் போய் இழுப்பு வந்தது. வாங்கின கடைக்கு நாலு தடவை போன் போட்டேன். ‘ஆள் அனுப்புகிறோம்’ என்றார்கள், இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ, மிக்ஸி பழுதுபார்க்கிற அண்ணன்தான் அடியைக் கழற்றினார். ஃபேன் இறக்கை முழுக்க மாவு அப்பின மாதிரி சாம்பல்.

தப்பு என்னுடையது. சமைத்து முடித்ததும் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்பக்கம் நாலு தட்டு தட்டிக்கொண்டிருந்தேன், மரக்கால் அளக்கிற மாதிரி. பாதிச் சாம்பல் வெளியே விழும்; மீதி இரட்டைச் சுவருக்கு நடுவில் இறங்கும். நிமிர்த்தினால் நேராக ஃபேனுக்கு. புது ஃபேன் போட்டுக் கொடுத்துவிட்டு அண்ணன் சொன்னது: “கவுக்காதம்மா, வாரு.”

வாரினேன். அப்போதுதான் இரண்டாவது தொல்லை கண்ணில் பட்டது. அடித்தட்டில் அடை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக்காம்பால் நெம்பினால் உடைந்து வருகிறது. உள்ளே பார்த்தால் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி மாதிரி பளபளப்பு, நடுவில் குமிழ் குமிழாகப் பொத்தல். கொல்லன் உலையில் கிடக்குமே கிட்டம், அசல் அதேதான். தட்டில் இருக்கிற ஓட்டையில் பாதிக்கு மேல் இது மூடியிருந்தது. அடுப்புதான் மட்டம், தகடு சரியில்லை என்று அடுப்பு விற்றவரைத் திட்டித் தீர்த்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மாமியார். அவருக்கு எவர்சில்வர் பாத்திரத்தைக்கூட சாம்பல் போட்டுத்தான் விளக்க வேண்டும். ஒரு நாள் சொம்பைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுற்றிலும் கோடு கோடாகக் கீறல். “இன்னாம்மா சாம்பல் இது, மண்ணு கணக்கா நறநறன்னு கீது? விறகு சாம்பல் இப்டி இருக்காது.”

சாம்பலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். மணல்!

எங்கள் பக்கம் கிடைக்கிற பெல்லட்டில் பாதி மல்லாட்டைத் (நிலக்கடலைத்) தோலில் ஆனது. சித்தூர் பக்கத்து மில்லுகளிலிருந்து வருகிறது. மல்லாட்டை மண்ணுக்குள் காய்க்கிற பண்டம். தோலோடு செம்மண் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதைச் சலிக்காமல் அரைத்து அழுத்தினால் மண்ணும் சேர்ந்து பெல்லட்டாகிறது. வெறும் மணல் உருக 1,700 டிகிரி சூடு வேண்டும். ஆனால் பயிர்க் கழிவில் பொட்டாசியம் உண்டு, அது மணலோடு சேர்ந்தால் ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். கண்ணாடி காய்ச்சுகிறவர்கள் மணலில் காரச் சாம்பல் சேர்ப்பதும் இதற்காகத்தான். நான் தினமும் வெந்நீர் போடுகிறேன் என்று நினைத்துக் கண்ணாடி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதிரசத்துக்கு வைத்திருந்த எடை மிஷினில் மூன்று மூட்டையையும் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எரித்து, கரி மிச்சமில்லாமல் சாம்பலாகும்வரை விட்டு, ஆறின பிறகு நிறுத்தேன். மரத்தூள் பெல்லட் 11 கிராம். மல்லாட்டைத் தோல் 46. ‘மிக்ஸ்’ என்று கொஞ்சம் மலிவாகக் கொடுத்தது 83. மிக்ஸில் நெல் உமி கலந்திருக்க வேண்டும். உமி எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகத்தான் நிற்கும். ஐரோப்பாவில் முதல்தர மரப் பெல்லட்டுக்கு வரம்பு 0.7 சதவீதம், அதாவது கிலோவுக்கு 7 கிராம். அந்தக் கணக்குக்கு நாம் போக வேண்டாம். ஆனால் 11க்கும் 83க்கும் நடுவில்தான் என் ஃபேனும் தட்டும் செத்தன. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், எரியாத மண்ணையும் காசு கொடுத்து வாங்கி, அதை வாரவும் வேலை பார்த்திருக்கிறேன்.

பெல்லட் போடுகிறவரிடம் கேட்டேன். “எல்லாம் எரியுதில்லக்கா?” என்றார். இப்போது மரம் அறுக்கிற சாமில் தூளில் செய்தது மட்டும் கொண்டுவரச் சொல்கிறேன். அதிலும் பட்டை அதிகம் சேர்ந்தால் சாம்பல் கூடும். பெல்லட் கறுப்பாக, உடைத்தால் நார் நாராக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மழைக்காலத்தில் மரத்தூள் கிடைக்காதபோது மல்லாட்டையைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறேன். தனியாக எரிப்பதைவிடக் கிட்டம் குறைவு.

எரிக்கிற முறையிலும் ஒன்று இருக்கிறது. தீ அடங்கி உள்ளே கரி மட்டும் கனலாக நிற்கும்போது எல்லாரும் செய்வது ஃபேனைக் கூட்டுவது. ‘இன்னும் ரெண்டு நிமிஷம் கொதிக்கட்டும்’ என்ற ஆசைதான். அந்த நேரத்தில் சூடு முழுக்கத் தட்டின்மேல் உட்காரும், கிட்டம் கட்டுவது அப்போதுதான். கடைசிப் பத்து நிமிஷம் நான் ஃபேனைக் குறைத்துவிடுகிறேன். கனல் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் தாழ்வாரத்தில்தான் வைத்திருக்கிறேன். குளிர் என்று அறைக்குள் எடுத்துப் போகிற வேலையே கூடாது.

தினப்படி வேலை அதிகமில்லை. காலையில், முழுக்க ஆறின அடுப்பில், பழைய கரண்டியால் சாம்பலை வாரிவிட்டுத் தட்டை எடுத்துத் தட்டுவேன். சனிக்கிழமை சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் மேல் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பேன், பெயின்ட் பிரஷ்ஷால் உள்சுவரைத் துடைப்பேன். மூக்கில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சாம்பல் விறகுச் சாம்பலைவிட நைசு, தொண்டையில் காரும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. சாம்பல் நனைந்தால் தகட்டை அரித்துவிடும். ஒரு ஐப்பசியில் தாழ்வாரத்துச் சாரல் பட்டு உள்ளே இருந்த சாம்பல் களியாகி, இரண்டே வாரத்தில் அடித்தகடு துரு பிடித்து உதிர்ந்தது. அதிலிருந்து மழைநாளில் மேலே ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைக்கிறேன்.

பிளாஸ்டிக் பக்கெட் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ராத்திரி, ஆறிவிட்டது என்று நினைத்துச் சாம்பலைக் காலி பெயின்ட் பக்கெட்டில் வாரி, பின்கட்டில் தென்னை ஓலை அடுக்கின இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலை தண்ணீர் போடப் போனால் பக்கெட்டுக்கு அடியே இல்லை. தரையில் வட்டமாக உருகி ஒட்டியிருக்கிறது, நடுவில் இன்னும் சிவப்பு. ஓலைக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. சாம்பல் போர்த்தின கனல் இரண்டு நாள்கூட உயிரோடு இருக்குமாம். இப்போது மூடி போட்ட தகர டின், சிமென்ட் தரை, சுவரிலிருந்து தள்ளி.

மரத்தூள் சாம்பல் கத்தரிச்செடி இலையில் தூவ, முருங்கை அடியில் போட, பயறு கொட்டி வைக்க எல்லாவற்றுக்கும் ஆகிறது. அத்தையும் சமாதானமாகிவிட்டார். மல்லாட்டைச் சாம்பலை மட்டும் சொம்புக்குக் கிட்டே விடுவதில்லை.

மூன்று வருஷத்தில் இரண்டு ஃபேன், ஒரு அடித்தகடு மாற்றியாயிற்று. பேட்டரி இன்னும் அதேதான். ஓட்டை போட்ட அடித்தட்டில்தான், கிட்டம் நெம்பி நெம்பி, நடுவில் குழி விழுந்துவிட்டது. லேத்தில் மூன்று மில்லி தகட்டில் ஒன்று வெட்டச் சொல்லியிருக்கிறேன், ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வைத்து. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.