கோலாலம்பூரிலிருந்து பார்க்க எது தோது: கல்லூரிக் கூடைப்பந்தா, என்.பி.ஏ.வா?

முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும்போது நியூயார்க் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. அங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டம், இங்கே காலைப் பசியாறும் நேரத்துக்கு வந்துவிடும். மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு முதல் பாதியை முடிக்கலாம். அமெரிக்கக் கல்லூரி அணிகள் தேசியப் பட்டத்துக்கு மோதும் மார்ச் போட்டிதான் தூக்கத்தைக் கெடுக்கும். முதல் சுற்று அங்கே வியாழன் நண்பகலில் ஆரம்பிக்கிறது, நமக்கு நள்ளிரவு. விழிக்க முடியாதவர்கள் வெள்ளி காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆட்டங்களாவது கிடைக்கும்.

ஆட்டத்தின் குணம் மாறுவதற்குக் காரணம் விதிகள். என்.பி.ஏ.வில் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, பந்து கைக்கு வந்தபின் வளையத்தை நோக்கி எறிய 24 வினாடி. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 20 நிமிடப் பாதிகள் இரண்டு, எறிய 30 வினாடி. அதைவிடப் பெரிய வித்தியாசம் தற்காப்பில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கிக் காவல் காக்காத தற்காப்பாளர், வளையத்தின் முன்னுள்ள வண்ணப் பகுதியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நடுவில் இடம் திறந்துகொள்வதால் நட்சத்திர வீரர் பாய்ந்து உள்ளே போகிறார். கல்லூரியில் அந்தத் தடை இல்லை. உயரமானவர் வளையத்தடியிலேயே நிற்க, முன்னால் இருவர், வளையத்தருகே மூவர் என ஆளுக்கோர் இடத்தைக் காக்கும் 2-3 மண்டலத் தற்காப்பு தாக்குப்பிடிக்கிறது.

இங்கே விளையாடுகிறவர்களுக்குக் கல்லூரி ஆட்டமே நல்ல பாடம் என்பேன். அதன் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், நம் திடல்களில் சர்வதேச விதிப்படி போடும் கோடும் அதே தூரம்தான். என்.பி.ஏ. கோடு 7.24 மீட்டர், மூலையில் மட்டும் 6.7. அதைப் பார்த்து எறியப் பழகினால் கை வலிதான் மிஞ்சும்.

கல்லூரி ஆட்டத்தின் குறை கடைசி இரண்டு நிமிடம். பின்தங்கிய அணி வேண்டுமென்றே தவறு செய்து கடிகாரத்தை நிறுத்தும். ஒரு பாதியில் ஏழாவது தவறிலிருந்து எதிரணிக்குத் தனி எறிதல் (யாரும் தடுக்காமல் எறிவது) கிடைக்கும்; முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து இரண்டும் உறுதி. அந்த இரண்டு நிமிடம் கால் மணி நேரமாக இழுக்கும். ஆனாலும் 68 அணிகள், ஒரே தோல்வியில் வெளியேற்றம் என்ற அமைப்பு தரும் பதைபதைப்புக்கு ஈடில்லை. 2018இல் தன் பிரிவின் தரவரிசையில் முதலிடத்திலிருந்த வர்ஜீனியா, அதே பிரிவில் கடைசியான 16ஆம் இடத்து அணியிடம் 54-74 என விழுந்தது. என்.பி.ஏ. இறுதிக் கட்டத்தின் ஏழு ஆட்டத் தொடர்களில் அப்படி நடப்பது மிக அரிது. நாலு முறை வெல்ல வேண்டுமே.

பணம் கட்டுவதென்றால், ஆட்டங்களை இணையத்தில் காட்டும் சந்தா சேவையான என்.பி.ஏ. லீக் பாஸ். ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், தரமும் மேல். நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் நாள்களும் உண்டு. உட்காருவதற்கு முன் காயப் பட்டியலைப் பாருங்கள். வேலை முடிந்து மாலையில் பார்ப்பவர்கள், செயலியைத் திறந்தவுடன் புள்ளிகளை மறைக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.